எழும்பூர் மியூசியத்துல ஒரு கோடை: யார் குடுத்தாங்க, எங்கேர்ந்து வந்துச்சு

மியூசியத்துல இன்டர்ன்ஷிப் பண்ணப்போறேன்னு சொன்னப்போ வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அப்பா, "அங்க உனக்கு என்னம்மா வேலை இருக்கும், எல்லாம் ஏற்கனவே செத்துப்போனதுதானே"ன்னார். ஆயா அதுக்கும் மேல போய், "செத்த காலேஜா? காணும் பொங்கலுக்கு உங்க தாத்தா கூட்டிட்டுப் போவாரே"ன்னு கதையை ஆரம்பிச்சுட்டாங்க. பழைய மெட்ராஸ்காரங்களுக்கு எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இதுல தமாஷ் என்னன்னா ரெண்டும் ஒரே காம்பவுண்டுல இருந்ததுதான். 1851ல மியூசியம் ஆரம்பிச்சப்போ அதுக்குப் பொறுப்பா இருந்த எட்வர்ட் பால்ஃபர்ங்கற டாக்டர், 1855ல உயிரோட மிருகங்களையும் அங்கயே கொண்டுவந்து வெச்சுட்டார், ஜனங்க புலி பாக்க வந்தவங்க அப்படியே கல்லையும் எலும்பையும் பாத்துட்டுப் போனாங்க, அப்புறம் 1863ல மிருகங்களை மட்டும் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் மாத்தி, அது 1985ல வண்டலூர் போய்ச் சேர்ந்துச்சு. ஆயாகிட்ட இதைச் சொன்னா "அதான் நான் அப்பவே சொன்னேனே"ன்னாங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல.

நான் பி.ஏ. ஹிஸ்டரி, ரெண்டாவது வருஷம் முடிச்சிருந்தேன். எங்க காலேஜ்ல சம்மர் லீவுல ஒரு இன்டர்ன்ஷிப் பண்ணினா க்ரெடிட். காமர்ஸ் பசங்க ஆடிட்டர் ஆபிஸ் போவாங்க, விஸ்காம் பசங்க சேனலுக்குப் போவாங்க, ஹிஸ்டரிக்காரங்களுக்கு ஸ்கூல் டீச்சிங்கை விட்டா யூபிஎஸ்சி கோச்சிங் சென்டர்ல நோட்ஸ் டைப் பண்ற வேலைதான்னு ஒரு நெனப்பு. எங்க ஹெச்ஓடி மேடம்தான் லெட்டர் எழுதிக் குடுத்து, "நீ பல்லாவரம்தானே, ஒரே ட்ரெயின், எழும்பூர்ல இறங்கி நடந்துடு"ன்னு அனுப்பினாங்க. சரியான அக்னி நட்சத்திரம். பாந்தியன் ரோட்ல நடந்துபோய் கேட்டுக்குள்ள நுழையும்போதே பாதி உயிர் போயிடும், செத்த காலேஜ்ங்கற பேரு நமக்குத்தான் போலன்னு தோணும்.

நான் நெனச்சுட்டுப் போனது வேற. வெள்ளை க்ளவுஸ் போட்டுட்டு சோழர் காலத்து நடராஜரை மெதுவா ப்ரஷ்ல தொடைக்கிற மாதிரியெல்லாம் கற்பனை. கிடைச்சது ஒரு சேர், ஒரு டேபிள், ஒரு எக்ஸெல் ஷீட்டு. பழைய கேட்டலாக்கையும் ரெஜிஸ்டர் பக்கங்களையும் பாத்து ஒவ்வொரு வரியா கம்ப்யூட்டர்ல ஏத்தணும், சந்தேகம் வந்தா பென்சில்ல குறிச்சு மியூசியத்து மேடம்கிட்ட கேக்கணும். அவ்ளோதான். முதல்ல எனக்குக் கடுப்புதான், பொய் சொல்லல. ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல எல்லாரும் ஆபிஸ் கார்டு தொங்கவிட்டு போட்டோ போடும்போது நான் என்ன போடுறது, "நீளம் 14.5 செ.மீ., செம்பு, இடது கை உடைந்துள்ளது"ன்னா?

ஆனா அந்த ரெஜிஸ்டர் இருக்கே, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவே. மியூசியம்னா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற பொருள்னு இவ்ளோ நாள் நெனச்சிருந்தேன். இப்போ என்னைக் கேட்டா பாதி மியூசியம் அந்தப் பேப்பர்லதான் இருக்குன்னு சொல்வேன். சில நேரம் பாதிக்கும் மேல.

ஒரு பொருள் உள்ள வந்ததும் அதுக்கு ஒரு நம்பர் விழும், அக்ஸஷன் நம்பர்னு சொல்வாங்க. ரெஜிஸ்டர்ல அந்த நம்பருக்கு நேரா என்ன பொருள், எதுல செஞ்சது, என்ன அளவு, எந்த ஊர், எந்தத் தேதில வந்துச்சு, எப்படி வந்துச்சு, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு வரிசையா எழுதணும். எப்படி வந்துச்சுங்கறதுல நன்கொடை, விலைக்கு வாங்கினது, அகழாய்வு, வேற மியூசியத்தோட மாத்திக்கிட்டது, புதையல்னு வகைவகையா இருக்கும். அதே நம்பரைப் பொருள் மேலயும் எழுதணும், அதுக்கும் ஒரு முறை இருக்கு. கண்ணுல படாத இடமாப் பாத்து ஒரு கோட் வார்னிஷ் அடிச்சு, காய்ஞ்சதும் அது மேல சின்ன எழுத்துல நம்பர், அது மேல மறுபடி ஒரு கோட். அப்போதான் பின்னாடி அழிக்கணும்னாலும் பொருளுக்கு ஒண்ணும் ஆகாம அழிக்கலாம். துணின்னா எழுதக்கூடாது, நம்பர் எழுதின நாடாவை ஓரத்துல தைக்கணும். பிரசவ ஆஸ்பத்திரில குழந்தை கைல கட்டுற டேக் மாதிரின்னு வெச்சுக்கோங்க, அது அவுந்து விழுந்துட்டா அப்புறம் யார் வீட்டுப் பிள்ளைன்னு யாருக்கும் தெரியாது.

மேடம் (பேரு போடல, அவங்களுக்குப் பிடிக்காது) முதல் வாரத்துல ஒரு விஷயம் சொன்னாங்க. "என்ன பொருள்னு நாளைக்கு வர்றவங்ககூட பாத்துக் கண்டுபிடிச்சுடுவாங்கம்மா. எங்கேர்ந்து வந்துச்சுங்கறதை மட்டும் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அதை விட்டுட்டு டைப் பண்ணிடாத." அப்போ தலையாட்டிட்டு வந்துட்டேன்.

அது உறைச்சது எங்க ஊர்க் கதையிலதான். 1863 மே 30. ஜியாலஜிக்கல் சர்வேல வேலை பாத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் கன்டோன்மென்ட் பக்கம் சரளை வெட்டி எடுத்த ஒரு குழிலேர்ந்து ஒரு கல்லை எடுக்கறார். மனுஷன் கையால தட்டிச் செதுக்கின கற்கோடாரி. இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்துச்சுங்கறதுக்கு முதல் தடயமா நம்ம புக்ஸ்ல சொல்றது இதைத்தான். அதே வருஷம் இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற அதிராம்பாக்கத்துலயும் கற்கருவிகள் கிடைச்சுது. நான் பொறந்து வளந்தது பல்லாவரம், ஸ்கூல் போனது பல்லாவரம், ஒரு டீச்சர்கூட இதைச் சொன்னதில்ல. ஹரப்பா படிச்சேன், மொஹஞ்சதாரோ படிச்சேன், ரயில்வே ஸ்டேஷன் தாண்டி நடந்தா வர்ற இடத்தைப் பத்தி காலேஜ் வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஃபூட் வாழ்க்கை முழுக்க சேர்த்த கற்கருவி, பானை ஓடு எல்லாத்தையும் 1904ல மெட்ராஸ் மியூசியத்துக்காக கவர்ன்மென்ட் விலைக்கு வாங்குச்சு. அவரே உக்காந்து அதுக்கு கேட்டலாக் எழுதினார், 1912ல இறந்துட்டார், புக்கு வெளிய வந்தது 1914லயும் 1916லயும். நான் அதைப் புரட்டிட்டு இருந்தப்போ என்னை ஆச்சரியப்படுத்தினது கல்லு இல்ல, அந்தாளோட பிடிவாதம். எந்த மாவட்டம், எந்த ஊரு, எந்த ஆத்தங்கரைன்னு விடாம எழுதி வெச்சிருக்கார். அதனாலதான் அதுக்கப்புறம் வந்த ஆளுங்க அதே இடத்துக்குத் திரும்பிப் போக முடிஞ்சுது. அதிராம்பாக்கத்துக்கு சாந்தி பப்புங்கற தொல்லியல் ஆய்வாளரோட குழு திரும்பப் போய்த் தோண்டி, அங்க மனுஷங்க கருவி செஞ்சது சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடின்னு 2011ல சயின்ஸ் பத்திரிகைல எழுதினாங்க. ஊர் பேரு மட்டும் எழுதி வைக்காம விட்டிருந்தா அது ஒரு கல்லு. அலமாரில இன்னொரு கல்லு.

மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. பல்லாவரத்துல வெள்ளிக்கிழமை சந்தை. கடவுளா பாத்துப் போட்ட டைம்டேபிள்னு நெனச்சுப்பேன். வியாழக்கிழமை வரைக்கும் நம்பர் போட்ட பொருள், வெள்ளிக்கிழமை நம்பரே இல்லாத பொருள். சந்தைக்கு நீங்க வந்ததில்லன்னா சொல்றேன், செடி, நாய்க்குட்டி, பழைய மிக்ஸி, ஒத்தக் கால் ஷூ, எல்பி ரெக்கார்டு, பித்தளைச் செம்பு, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, எல்லாம் தார்ப்பாய் மேல பரப்பி வெச்சிருப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து போற சந்தைதான், ஆனா இந்த மே மாசம் எனக்கு ஒரு வியாதி வந்துடுச்சு, எதைப் பாத்தாலும் "அண்ணா, இது எங்கேர்ந்து வந்துச்சு"ன்னு கேப்பேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க, "செட்டிநாடும்மா, ஒரிஜினல் செட்டிநாடு." மர டப்பா செட்டிநாடு, கண்ணாடி ஜாடி செட்டிநாடு, ஜப்பான்னு அடியில அச்சடிச்சிருந்த பீங்கான் தட்டும் செட்டிநாடு. (அது செட்டிநாட்டு வீட்லேர்ந்தே வந்திருக்கலாம், அவங்க கப்பல்ல எல்லாம் வரவழைச்சவங்கதான். ஆனா அதை நம்புறதுக்கு அவர் வாயைத் தவிர நம்ம கைல ஒண்ணும் இல்ல.) ஒரு கடைக்காரர் கடுப்பாகி, "உனக்கு டப்பா வேணுமா, டப்பாவோட ஜாதகம் வேணுமா"ன்னே கேட்டுட்டார். ஜாதகம்தாண்ணான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

சரி, வெண்கலச் சிலைகளுக்கு வர்றேன். எழும்பூர்ல எல்லாரும் பாக்க வர்றது அதைத்தான். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரி. பிரெஞ்சு சிற்பி ரோதான் நடராஜரைப் பத்தி உருகி உருகி எழுதினார்னு சொல்வாங்களே, அவர் இங்க வந்ததே இல்ல, மெட்ராஸ் மியூசியத்து நடராஜரோட போட்டோக்களை வெச்சுத்தான் எழுதினார். கேலரில கொஞ்ச நேரம் ஓரமா நின்னு பாத்தீங்கன்னா தெரியும், பாதிப் பேர் செருப்பைக் கழட்டிட்டு வருவாங்க, கன்னத்துல போட்டுப்பாங்க, யாராவது ஒருத்தர் பீடத்துக்கிட்ட ஒரு ரூபா வெச்சுட்டுப் போவாங்க. லேபிள் படிக்கிறவங்க கம்மி. எனக்கு ரெண்டுமே ஓகேதான்.

ஆனா இந்த சாமிங்கல்லாம் இங்க எப்படி வந்துச்சு? கோயில்லேர்ந்து எடுத்துட்டு வந்ததுன்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். நெறைய சிலை மண்ணுலேர்ந்து வந்தது. ஒரு காலத்துல படையெடுப்புக்குப் பயந்தோ என்னவோ கோயில்காரங்களே குழி தோண்டிப் புதைச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க, திரும்பி எடுக்க ஆள் வரல. அப்புறம் பல நூறு வருஷம் கழிச்சு வயல்ல ஏர் ஓட்டுறப்போ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுறப்போ டங்குன்னு சத்தம் கேக்கும். அப்படிக் கிடைச்சா என்ன பண்ணணும்ங்கறதுக்கு 1878ல வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான், புதையல் சட்டம். மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைக்கிற எதுவும் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும், பத்து ரூபா, கவனிச்சீங்கல்ல. சொல்லாம அமுக்கினா ஜெயில், ஒரு வருஷம் வரைக்கும். கண்டெடுத்தவர் ஒருத்தர், நிலம் இன்னொருத்தரோடதுன்னா, ரெண்டு பேருக்கும் பங்குண்டு, முக்கால் பாகம் கண்டெடுத்தவருக்கு, கால் பாகம் நிலத்துக்காரருக்கு. கவர்ன்மென்ட்டே அதை எடுத்துக்கிட்டா, அந்தப் பொருளோட, அதாவது உலோகத்தோட மதிப்பும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் குடுக்கணும். தாசில்தார், கலெக்டர்னு ஃபைல் நகர்ந்து கடைசில சிலை மியூசியத்துக்கு வரும்.

இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் கணக்குப் போட்டேன். ஆயிரம் வருஷத்துச் சோழர் சிலைக்கு செம்பு விலை, ப்ளஸ் இருபது பர்சென்ட். பாத்திரக் கடைல எடைக்குப் போட்டாலே கிட்டத்தட்ட அதுதான் வரும். அப்படி இருந்தும் இவ்ளோ சிலை மியூசியத்துக்கு வந்து சேர்ந்திருக்குன்னா, யாரோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தர் கடப்பாரையைக் கீழ போட்டுட்டு வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டிருக்கார்னு அர்த்தம். எந்த மியூசியத்து லேபிளை வேணா போய்ப் பாருங்க, ஊர் பேரு இருக்கும், நூற்றாண்டு இருக்கும், உலோகம் இருக்கும். அந்தக் கடப்பாரைக்காரர் இருக்க மாட்டார்.

இன்னொரு விஷயம் எனக்கு லேப்ல தெரிஞ்சுது. மியூசியத்துலயே ஒரு கெமிக்கல் லேப் இருக்கு, 1930ல ஆரம்பிச்சது, பரமசிவன்ங்கற கெமிஸ்ட் வெண்கலச் சிலைகளைக் கரண்ட் பாய்ச்சிச் சுத்தம் பண்ற முறைல இங்க வேலை பாத்துத்தான் பேர் வாங்கினார், தஞ்சாவூர் பெரிய கோயில் ஓவியத்தையும் பின்னாடி அவர் ஆராய்ச்சி பண்ணினார். அங்க ஒரு சார் எனக்கு வெண்கல நோய்னா என்னன்னு விளக்கினார். மண்ணுக்குள்ள உப்பு இருக்கும், அதுல இருக்கிற குளோரைடு செம்போட சேர்ந்து உள்ளயே உக்காந்துக்கும், வெளிய எடுத்து ஈரக்காத்து பட்டதும் வேலையைக் காட்டும், வெளிர் பச்சையா பவுடர் மாதிரி பூக்கும், விட்டா சிலையை அரிச்சுக்கிட்டே போகும். மெட்ராஸ் வேற கடலோர ஊரு, கேக்கவே வேணாம். எல்லாப் பச்சையும் நோய் இல்லம்மா, கெட்டியா வழவழன்னு இருக்கிற பச்சை சிலைக்கு நல்லதுன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினார்.

அதோட இன்னொண்ணும் சொன்னார், அதுக்கப்புறம் கேலரில நான் சிலைகளைப் பாக்கிற விதமே மாறிடுச்சு. புதைஞ்சு கிடந்த சிலைக்கு மூக்கு, கண்ணு, உதடு எல்லாம் கூர்மையா இருக்கும், செஞ்ச கைக்கு அப்புறம் ரொம்ப பேர் தொடல. நூத்துக்கணக்கான வருஷம் பூஜைல இருந்த சிலைக்கு அபிஷேகம் பண்ணிப் பண்ணி, புளி போட்டுத் தேச்சுத் தேச்சு முகம் மழுங்கிப் போயிருக்கும். சிலதுக்குக் கண்ணைத் திரும்பச் செதுக்கியிருப்பாங்க. மழுங்கின முகத்தைப் பாத்தா நமக்கு ‘ஐயோ தேஞ்சு போச்சே’ன்னு தோணும், ஆனா அது எத்தனையோ தலைமுறை குருக்கள் கை பட்டது. ரெஜிஸ்டர்ல விட்டுப்போனது கொஞ்சம் அந்த முகத்துலயே எழுதியிருக்கு. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து நிலைமையை எழுதி வைக்கிறதும் அதுக்குத்தான், மண்ணைக் கழுவிட்டா மண்ணு சொல்ற சேதியும் சாக்கடைல போயிடும்.

எழுதாம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு அமராவதி இருக்கு. ஆந்திராவுல கிருஷ்ணா நதிக்கரைல இருந்த பெரிய பௌத்த ஸ்தூபம். 1845ல வால்டர் எலியட்னு ஒரு அதிகாரி தோண்டிக் கல்லையெல்லாம் மெட்ராஸுக்கு அனுப்பினார், அது வருஷக்கணக்கா வெயில்லயும் மழைலயும் வெளிய கிடந்துச்சு, அப்புறம் 1859ல ஒரு பெரிய பங்கு கப்பல் ஏறி லண்டன் போயிடுச்சு, இன்னைக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. எந்தக் கல்லு எந்தக் கல்லுக்குப் பக்கத்துல இருந்துச்சுன்னு யாரும் ஒழுங்கா வரைஞ்சு வைக்காததால ஸ்தூபம் நிஜமா எப்படி இருந்துச்சுங்கறதை ஆராய்ச்சியாளருங்க இன்னமும் கல்லுல செதுக்கின குட்டி ஸ்தூபங்களைப் பாத்துப் பாத்துத்தான் ஊகிக்கிறாங்க. எழும்பூர்ல மிச்சம் இருக்கிற கல்லு முன்னாடி நின்னா அந்த மனுஷங்களோட இடுப்பு வளைவும் யானையும் ஆளைக் கட்டிப்போட்டுடும், அது வேற விஷயம். ஒரே ஸ்தூபத்தை ரெண்டு கண்டத்துல பிச்சு வெச்சிருக்காங்கங்கற கோவம் எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும்.

எழுதி வெச்சதும் எப்பவும் நல்லதுன்னு சொல்ல முடியாது. 1885லேர்ந்து 1908 வரைக்கும் இந்த மியூசியத்துக்கு சூப்பரின்டென்டென்ட்டா இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ரங்காச்சாரியோட சேர்ந்து 1909ல ஏழு வால்யூம் போட்டவர். இன்னைக்கும் யாராவது ஜாதி வரலாறு பேசினா அதுலேர்ந்துதான் தூக்கிட்டு வருவாங்க. அந்தாள் மனுஷங்களையே அளந்தார். மண்டை நீளம், மூக்கு அகலம், காலிப்பர் வெச்சு அளந்து, கணக்குப் போட்டு, இந்த ஜாதிக்கு மூக்கு இவ்ளோன்னு டேபிள். அவரே எழுதியிருக்கார், வயநாட்டுல பணியர்ங்கற பழங்குடிப் பொண்ணுங்க இவரைப் பாத்ததும் ஓடிட்டாங்களாம், தங்கள்ல நல்லா இருக்கிறவங்களாப் பாத்துப் பஞ்சடைச்சு மியூசியத்துல வெச்சிடுவார்னு பயந்து. அதுக்கு அடுத்த வரில, அப்படி முடிஞ்சா எவ்ளோ நல்லா இருக்கும்னு ஜோக் வேற அடிச்சிருக்கார்.

நான் அதைப் படிச்சது சாயங்காலம், ட்ரெயின்ல, லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல நின்னுக்கிட்டு. பக்கத்துல இருந்தவங்க மூக்கையெல்லாம் பாத்தேன். யார் மூக்கும் டேபிள்ல அடங்கற மாதிரி தெரியல. அந்தப் பொண்ணுங்க பயந்ததை அவர் வேடிக்கையா எழுதறார், எனக்கு என்னவோ மியூசியம்ங்கறதை அவங்கதான் சரியாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு தோணுது. ஈட்டி, மூங்கில் கூடை, புல்லாங்குழல், பாசிமணின்னு ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போனவங்க, ஆளையும் எடுத்துட்டுப் போவாங்கன்னு அவங்க நெனச்சதுல என்ன தப்பு? உலகம் முழுக்க அந்தக் காலத்து மியூசியக் கணக்குல சேகரிச்சவர் பேர் இனிஷியலோட இருக்கும், குடுத்தவங்க இடத்துல வெறும் இனத்தோட பேர். கூடை பின்னின அம்மாவுக்கு ஒரு பேர் இருந்திருக்கும்ல. மேடம்கிட்ட இதைக் கேட்டேன். "இருந்திருக்கும். இப்போ எழுத முடியாது, ஆனா இனிமே வர்றதுக்கு எழுதலாம். உன் ஷீட்ல செஞ்சவர் பேர்னு ஒரு கட்ட வரிசை சேர்த்துக்கோ, காலியா இருந்தாலும் பரவால்ல, காலியா இருக்குன்னாவது தெரியட்டும்"னாங்க. சேர்த்தேன். அந்த வரிசை மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளையாவே இருந்துச்சு.

இந்தப் பேப்பர் வேலைக்கெல்லாம் என்ன பெரிய மதிப்புன்னு அப்பா ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார், கிண்டலா இல்ல, நிஜமாவே. நான் ஸ்ரீபுரந்தான் கதையைச் சொன்னேன். அரியலூர் மாவட்டத்துல சின்ன ஊரு, பூஜை நின்னுபோன பழைய சோழர் கோயில், உள்ள இருந்த நடராஜர் திருடு போயிடுச்சு, சிலைக் கடத்தல்ல மாட்டின சுபாஷ் கபூர்ங்கற நியூயார்க் டீலர் வழியா 2008ல ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல இருக்கிற நேஷனல் கேலரி அதை 50 லட்சம் டாலருக்கு வாங்குது. வாங்கும்போது டீலர் குடுத்த ஓனர்ஷிப் பேப்பர் எல்லாம் போலி. எப்படி மாட்டுச்சு? பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க ஊர் ஊரா கோயில் கோயிலாப் போய் போட்டோ எடுத்து நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க. 1994ல அந்தக் கோயில்ல எடுத்த போட்டோல அதே நடராஜர். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா அதே சிலை. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்தப்போ சிலை திரும்பி வந்துச்சு.

"ஒரு போட்டோவா?"ன்னார் அப்பா. ஒரு போட்டோதான்ப்பா, ஆனா யாரோ ஒருத்தர் வெயில்ல பஸ் ஏறிப் போய் எடுத்து, எந்த ஊரு எந்தத் தேதின்னு பின்னாடி எழுதி, டப்பால போட்டு வெச்சது. எடுத்தவருக்கு அது அன்னைக்கு இன்னொரு ஊரு, அவ்ளோதான். போலிப் பேப்பரை நிஜப் பேப்பர்தான் ஜெயிச்சுது. அப்பா ஒண்ணும் சொல்லல, ரசம் ஊத்திக்கிட்டார்.

கடைசி வாரம் எனக்கு டைப்பிங்லேர்ந்து விடுதலை குடுத்து, ஸ்கூல் பசங்களுக்குன்னு கற்கருவி பத்தி ஒரு சின்ன லேபிள் எழுதச் சொன்னாங்க. நாப்பது வார்த்தைக்குள்ள. நான் காலேஜ் அசைன்மென்ட் பழக்கத்துல ஒரு பக்கம் எழுதிட்டுப் போனேன், மேடம் பென்சிலை எடுத்து கச்சக் கச்சக்னு வெட்டினாங்க. "முக்கியத்துவம் வாய்ந்த"ங்கறது போச்சு, "பண்டைய"ங்கறது போச்சு, "நமது முன்னோர்கள்" போச்சு. பல்லாவரம்ங்கற பேரையும் சரளைக் குழியையும் மட்டும் தொடல. லேபிள் எழுதறது எக்ஸாம் எழுதறதுக்கு நேர் எதிர். அங்க பக்கம் ரொப்பினா மார்க்கு, இங்க எட்டாவது படிக்கிற பையன் கண்ணாடி முன்னாடி நிக்கப்போற அந்தப் பத்து செகண்ட் முடியறதுக்குள்ள சொல்லி முடிக்கணும்.

இப்போ யாராவது ஜூனியர் இதைப் படிச்சுட்டு போகலாமா வேணாமான்னு யோசிச்சா, போங்க. காட்டன் ட்ரெஸ் போட்டுக்கோங்க, பழைய ரெஜிஸ்டர் தூசிக்கு மாஸ்க் எடுத்துட்டுப் போங்க, பேனாவை ரூம் வாசல்லயே விட்டுடுங்க, உள்ள பென்சில்தான். பழைய கையெழுத்துல இங்கிலீஷ் ஊர்ப்பேரைப் படிக்கிறதுக்குப் பொறுமை வேணும், ட்ரிப்ளிகேன்னா திருவல்லிக்கேணின்னு நமக்குத் தெரியும், மாவட்டத்துல இருக்கிற குட்டிக் கிராமத்துப் பேரெல்லாம் என்ன கதில எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க. நான் சென்சஸ் லிஸ்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா மேட்ச் பண்ணினேன், அதுல ஒரு போதை இருக்கு.

போன மாசம் சித்தப்பா செங்கல்பட்டு பக்கம் வீடு கட்டறதுக்குக் கடைக்கால் போட ஆரம்பிச்சார். பூஜைக்குப் போனப்போ நான் இந்தப் புதையல் சட்டத்தையெல்லாம் அவருக்கு எடுத்து விட்டேன், அந்தப் பக்கம்லாம் தொட்ட இடத்துல பெருங்கற்காலத்துல செத்தவங்களைப் புதைச்ச தாழி, கல்வட்டம்னு கிடைக்கும் சித்தப்பா, ஏதாவது தட்டுப்பட்டா கலெக்டருக்கு எழுதணும், மறைச்சா உள்ள போயிடுவீங்கன்னு. அவர் முதல்ல சிரிச்சார். அப்புறம் கொஞ்சம் சீரியஸா, "சரி, கடப்பாரை போடறது மேஸ்திரி ஆளு, நிலம் என்னுது. அப்போ கண்டெடுத்தது யாரு?"ன்னார். கடப்பாரை போட்டவர்தான், முக்கால் பங்கு அவருக்கு, உங்களுக்குக் கால் பங்குன்னேன். மேஸ்திரி இதைக் கேட்டுட்டே இருந்தார். அன்னைலேர்ந்து மேஸ்திரி ஆளுங்க ரொம்ப உற்சாகமா தோண்டுறாங்களாம், சித்தப்பா குடையைப் பிடிச்சுக்கிட்டு குழிப் பக்கத்துலயே நிக்கிறாராம். இதுவரைக்கும் கிடைச்சது ஒரு பழைய கோலி சோடா பாட்டில். அதுக்கும் எந்த இடம், எவ்ளோ ஆழம், எடுத்தவர் பேர் என்னன்னு எழுதி எனக்கு வாட்ஸப்ல அனுப்பச் சொல்லியிருக்கேன்.